யார் பல்லுக்குக் கூடுதல் கவனம் தேவை?

கடந்த ஓரிரு ஆண்டுகளில் புதிதாகச் சொத்தை விழுந்ததா? வாய் அடிக்கடி உலர்கிறதா? அப்படியானால் உங்களுக்கு ஆபத்து அதிகம். ரத்த அழுத்தம், ஒவ்வாமை, மனச்சோர்வுக்கான சில மாத்திரைகள் உமிழ்நீரைக் குறைக்கும். மாத்திரையை நீங்களாக நிறுத்த வேண்டாம். பட்டியலைப் பல் மருத்துவரிடம் காட்டுங்கள்.

எவ்வளவு சர்க்கரை என்பதைவிட எத்தனை தடவை என்பதே பல்லை அதிகம் பாதிக்கிறது. வாய்க் கிருமிகள் சர்க்கரையை அமிலமாக்கும். அமிலம் கூடக் கூட வாயின் பிஎச் அளவு குறையும். அது 5.5க்குக் கீழே இறங்கினால் எனாமல் (பல்லின் கடினமான மேற்பரப்பு) கரையத் தொடங்கும். உமிழ்நீர் அதைச் சரிசெய்ய அரை மணி நேரமாவது ஆகும். தே தாரிக்கை (இனிப்பான பால் தேநீர்) மேசையில் வைத்துக் காலை முழுக்க உறிஞ்சினால் அந்த அவகாசமே கிடைக்காது. பசியாறும்போதே குடித்து முடியுங்கள். இடையில் கோப்பி ஓ கோசோங் (பாலும் சர்க்கரையும் இல்லாத காப்பி) அல்லது குழாய்த்தண்ணீர். சிங்கப்பூர்க் குழாய்த்தண்ணீரில் 1950களிலிருந்தே பல்லை உறுதியாக்கும் புளோரைடு சேர்க்கப்படுகிறது, ஆனால் அது மட்டும் போதாது.

பெரியவர்களுக்கு 1,450 பிபிஎம் (பத்து லட்சத்தில் இத்தனை பங்கு) அளவில் புளோரைடு உள்ள பற்பசை நல்லது. துலக்கியதும் நுரையைத் துப்புங்கள், வாய் கொப்பளிக்காதீர்கள். கொப்பளித்தால் புளோரைடும் போய்விடும். 3 வயதுக்குட்பட்ட பிள்ளைக்கு அரிசி மணியளவு, பிறகு 6 வயதுவரை பட்டாணியளவு போதும்.

ஈறோரத்தில் பளபளப்பில்லாத வெள்ளைத் திட்டு தெரிந்தால் அது சொத்தையின் தொடக்கமாக இருக்கலாம், பல் மருத்துவரிடம் போகத் தாமதிக்காதீர்கள். குழி விழாதவரை துளையிடத் தேவையில்லை. 3 முதல் 6 மாதத்துக்கு ஒருமுறை மருத்துவரிடம் புளோரைடு வார்னிஷ் (பல்மேல் தடவும் புளோரைடு பூச்சு) பூசி, நன்றாகத் துலக்கிவந்தால் அதை அங்கேயே நிறுத்தலாம். 5,000 பிபிஎம் பற்பசையை மருத்துவர் சொன்னால் மட்டும் பயன்படுத்துங்கள்.