மூலையில் கிடக்கும் சேத்தக்கை நீங்களே ஓடவிடுவது எப்படி?

வீட்டில் பழைய பஜாஜ் சேத்தக் ஸ்கூட்டர் கிடந்தால் கை நேராகக் கிக்கருக்குத்தான் போகும். கடலூரில் கொஞ்சம் பொறுங்கள். நம் ஊர் வண்டிகளுக்கு எமன் உப்புக்காற்றுதான்.

முதலில் ஆர்.சி. புத்தகம். வண்டியில் உள்ள சேஸிஸ் எண்ணும் இன்ஜின் எண்ணும் புத்தகத்தில் உள்ளதோடு ஒத்துப்போகிறதா பாருங்கள். பதிவு 15 ஆண்டுக்குத்தான். பிறகு 5 ஆண்டுக்கு ஒருமுறை புதுப்பிக்க வேண்டும். பேப்பர் சரியில்லை என்றால் காசைக் கொட்டாதீர்கள்.

அடுத்து அடிப்பாகம். சேத்தக்குக்குத் தனி ஃபிரேம் கிடையாது, தகட்டு உடம்பேதான் பாரம் முழுக்கத் தாங்குகிறது. ஃபுட்போர்டு ரப்பர்களைக் கழற்றி, வண்டியைச் சாய்த்து, கீழிருந்து ஸ்க்ரூடிரைவர் முனையால் குத்திக்கொண்டே போங்கள். ‘டங்’ என்றால் தகடு கெட்டி. ‘பொத்’தென்று உள்ளே இறங்கினால் அந்த இடத்தை வெட்டிப் புதுத் தகடு பற்றவைக்க வேண்டும். அது டிங்கரிங் பட்டறை வேலை. பெட்ரோல் டேங்கைக் கழற்றிய பிறகே வண்டியை அனுப்புங்கள். பட்டி பூசி ஓட்டையை அடைத்துவிடலாம் என்று சொன்னால் ஒத்துக்கொள்ளாதீர்கள். ஐப்பசி மழைக்குப் பல்லிளித்துவிடும்.

மேலோட்டமான துருவை நீங்களே எடுக்கலாம். கம்பி பிரஷ், 80 நம்பர் எமரி, அப்புறம் 220. தகடு பளிச்சென்று தெரிந்ததும் அன்றைக்கே ரெட் ஆக்சைடு பிரைமர் அடியுங்கள். ஒரு ராத்திரி வெறுந்தகடாக விட்டால் காலையில் மறுபடி செம்பழுப்பு பூத்திருக்கும். கலர் பெயிண்டுக்கு இப்போது அவசரமில்லை.

சரி, இன்ஜின். டேங்கில் மக்கிய பெட்ரோலை வடித்துவிடுங்கள். கார்புரேட்டரில் பெட்ரோல் போகும் சின்னத் துளையான ஜெட்டைக் காற்றடித்துச் சுத்தம் செய்யுங்கள். கம்பி விட்டுக் குடைந்தால் துளை பெரிதாகிவிடும். பெட்ரோல் டியூபை மாற்றுங்கள், எத்தனால் கலந்த பெட்ரோல் பழைய ரப்பருக்கு ஆகாது. புது பிளக் போடுங்கள். டூ ஸ்ட்ரோக் வண்டி என்றால் லிட்டர் பெட்ரோலுக்கு 20 மில்லி டூ-டி ஆயில் கலக்க மறக்க வேண்டாம். கியரில் போட்டு, கிளட்சைப் பிடித்துத் தள்ளுங்கள்; சக்கரம் நகர மறுத்தால் கிளட்ச் தட்டுகள் ஒட்டியிருக்கின்றன, மெக்கானிக்கைக் கூப்பிடுங்கள். பிரேக் கட்டைகளைப் புதிதாகவே போடுங்கள், இதில் சிக்கனம் பார்க்கக் கூடாது.

எல்லாம் ஓடிய பிறகு பெயிண்ட். பழைய நிறத்தையே அடியுங்கள் என்பது என் கட்சி.

அப்புறம் மஞ்சக்குப்பத்திலிருந்து சில்வர் பீச்சுக்கு ஒரு சவாரி. டீக்கடையில் நிறுத்தினால், “எந்த வருஷ மாடல் தம்பி?” என்று யாராவது பெரியவர் கேட்காமல் விடமாட்டார். அடுத்த கேள்வி, “குடுக்கறியா?” ஃபுட்போர்டிலிருந்து ஆரம்பித்து நீங்கள் செய்ததையெல்லாம் சொல்லுங்கள், பெருமையடித்தால் தப்பே இல்லை. வீட்டுக்கு வந்ததும் அடிப்பாகத்தை நல்ல தண்ணீரில் கழுவுங்கள். உப்புக்கரிக்கும் போர் தண்ணீர் மட்டும் வேண்டாம்.