பப்மெட் தேடல் முடிவுகளை எக்செலுக்குள் கொண்டுவருவது எப்படி?

லிட்டரேச்சர் ரிவ்யூ (ஒரு தலைப்பில் ஏற்கெனவே வந்த ஆய்வுகளைத் தொகுத்துப் பார்ப்பது) தொடங்கும் மாணவர்கள் பலர், மருத்துவ ஆய்வுக் கட்டுரைகளைத் தேடித்தரும் இணையதளமான பப்மெட்டில் கிடைக்கும் கட்டுரைத் தலைப்புகளை ஒவ்வொன்றாக காப்பி செய்து எக்செலில் ஒட்டிக்கொண்டிருக்கிறார்கள். அந்த நேரத்தைக் கட்டுரைகளைப் படிக்கச் செலவிடலாமே. லாகின் இல்லாமலே மொத்தப் பட்டியலையும் இறக்கிக்கொள்ள முடியும்.

முதலில் உங்கள் தேடலைச் செய்யுங்கள், டெங்கு தடுப்பூசி என்றே வைத்துக்கொள்வோம். தேடல் பெட்டிக்குக் கீழே 'சேவ்' பட்டன் இருக்கும். அதை அழுத்தினால் இரண்டு கேள்விகள் வரும். முதலாவது, எவை வேண்டும் என்பது. இங்கேதான் கவனம் தேவை: எதையும் மாற்றாமல் விட்டால் அந்தப் பக்கத்தில் தெரிகிற பத்து முடிவுகள் மட்டுமே இறங்கும், அதனால் 'ஆல் ரிசல்ட்ஸ்' என்று மாற்றுங்கள். இரண்டாவது ஃபார்மட், அதில் 'சிஎஸ்வி' (எக்செலில் திறக்கக்கூடிய அட்டவணை ஃபைல்). அப்புறம் 'கிரியேட் ஃபைல்', அவ்வளவுதான். ஒரு தடவைக்கு 10,000 பதிவுகள்தான் உச்சவரம்பு. அதற்கு மேல் போனால் இடப்பக்கம் இருக்கும் ஆண்டு வடிகட்டியை வைத்துப் பிரித்துப் பிரித்து இறக்குங்கள்.

ஃபைலைத் திறந்தால் பிஎம்ஐடி (ஒவ்வொரு பதிவுக்கும் பப்மெட் தரும் எண்), தலைப்பு, ஆசிரியர்கள், இதழ், ஆண்டு, டிஓஐ (கட்டுரைக்கான நிரந்தர இணைய அடையாளம்) எல்லாம் தனித்தனி பத்தியில் (நெடுவரிசையில்) இருக்கும். ஆசிரியர் பெயர்கள் கன்னாபின்னாவென்று தெரிந்தால், டேட்டா மெனுவில் 'ஃப்ரம் டெக்ஸ்ட்/சிஎஸ்வி' வழியாக அதே ஃபைலைத் திறந்து எழுத்துக் குறியீடாக யூடிஎஃப்-8 என்று கொடுங்கள், சரியாகிவிடும்.

ஆனால் சுருக்கம், அதாவது அப்ஸ்ட்ராக்ட், இந்த ஃபைலில் வராது. எந்தக் கட்டுரையை எடுப்பது எதை விடுவது என்று முடிவு செய்யவே அதுதான் வேண்டும் என்பதால், நான் எல்லோருக்கும் சொல்வது கொஞ்சம் சுற்று வழி: 'சென்ட் டு' என்பதில் 'சைட்டேஷன் மேனேஜர்' தேர்ந்தெடுத்து, வரும் ஃபைலை கட்டுரை விவரங்களைச் சேர்த்து வைக்கும் இலவச மென்பொருளான ஸொட்டேரோவில் இம்போர்ட் செய்து, அங்கிருந்து அந்தத் தொகுப்பை சிஎஸ்வியாக எக்ஸ்போர்ட் செய்யுங்கள். 'அப்ஸ்ட்ராக்ட் நோட்' என்ற பத்தியில் சுருக்கம் வந்துவிடும். பத்திகள் ஏராளமாக இருக்கும், தேவையில்லாதவற்றை மறைத்துக்கொள்ளலாம்.

இரண்டு மூன்று தேடல்களின் சிஎஸ்விகளை ஒரே தாளில் சேர்த்தால் ஒரே கட்டுரை திரும்பவும் வரும். எக்செலின் 'ரிமூவ் டூப்ளிகேட்ஸ்' அதைக் களைந்துவிடும், ஆனால் டிஓஐ பத்தியை வைத்துக் களையவே களையாதீர்கள். பழைய கட்டுரைகள் பலவற்றுக்கு டிஓஐ கிடையாது, காலியான கட்டங்களையெல்லாம் எக்செல் ஒன்றாகவே எடுத்துக்கொண்டு ஒரே ஒரு வரியை மட்டும் மிச்சம் வைக்கும், சத்தமே இல்லாமல் நல்ல கட்டுரைகள் காணாமல் போய்விடும். பப்மெட் பதிவுகளுக்கு பிஎம்ஐடி பத்தியே போதும்.

கடைசியாக, அதே ஃபைலில் இன்னொரு ஷீட் திறந்து, நீங்கள் தட்டிய தேடல் வரியை எழுத்துக்கு எழுத்து அப்படியே ஒட்டி, தேடிய தேதியையும் கிடைத்த எண்ணிக்கையையும் எழுதி வையுங்கள். ஆய்வேட்டின் முறையியல் பகுதியில் இந்த மூன்றையும் கேட்பார்கள், புதுக் கட்டுரைகள் தொடர்ந்து சேர்வதால் ஆறு மாதம் கழித்துத் தேடினால் அதே எண்ணிக்கை கிடைக்காது.