ரத்தக்காட்டேரித் தொடரை எட்டாம் பாகம்வரை இழுத்துக்கொண்டு போவது எப்படி

பகலில் மன்னார்குடியில் டியூஷன், ராத்திரியில் ரத்தக்காட்டேரித் தொடர். இதுதான் என் பொழுது. ஏழு பாகம் முடிந்து எட்டாவது ஓடுகிறது. பிளஸ் டூ, காலேஜ் பிள்ளைகள்தான் வாசகர்கள். எழுத ஆசைப்படுகிறவர்கள் என்னிடம் எப்போதும் முதல் பாகத்தைப் பற்றித்தான் கேட்கிறார்கள். முதல் பாகத்தை யாரும் எழுதிவிடலாம். பக்கத்து பெஞ்ச் பையன் மனுஷனே இல்லை என்று தெரியவரும் திடுக்கிடல் ஒன்றே இருநூறு பக்கத்தைத் தாங்கும். நாலாம் பாகத்துக்கு மேல்தான் வேலையே. அங்கே பலர் காட்டேரிக்குப் புதுப்புதுச் சக்தியாகக் கொடுக்க ஆரம்பிக்கிறார்கள்: பறக்கிறான், மனசைப் படிக்கிறான், காலத்தை நிறுத்துகிறான். அப்புறம் அவனை எதிர்க்க யாருமே மிஞ்சுவதில்லை. அவனால் எது முடியாது என்பதைக் கெட்டியாகப் பிடித்துக்கொள்ளுங்கள். அந்த முடியாமையை நம் ஊர்ப் பருவத்தோடு மோதவிட்டால் பாகத்துக்கு ஒரு கதை தானாக விழும்.

ஒரு நோட்டுப் போட்டு விலக்குகளை எழுதுங்கள். மேல்நாட்டு நம்பிக்கைகளில் ஏராளம் கிடக்கின்றன. அழைக்காமல் வீட்டுக்குள் வர முடியாது, ஓடும் நீரைத் தாண்ட முடியாது, கண்ணாடியில் உருவம் விழாது, பூண்டு ஆகாது, சிந்திக் கிடக்கும் தானியத்தை எண்ணாமல் நகர முடியாது. மூன்று எடுத்தால் போதும். வெயில் பட்டால் சாம்பல் என்பதுகூடக் கட்டாயமில்லை. 1897ல் வந்த டிராகுலா நாவலில் அந்தப் பிரபு பட்டப்பகலில் லண்டன் தெருவில் நடமாடுகிறார். சூரிய ஒளியில் சாகிற வழக்கத்தைக் கொண்டுவந்தது 1922ல் வெளியான நொஸ்ஃபெராட்டு என்ற மௌனப்படம். ஆகவே உங்கள் காட்டேரிப் பையன் சித்திரை வெயிலில் ஸ்பெஷல் கிளாஸ் போகலாம். பூண்டை நான் தொடவில்லை. வீட்டுக்கு வீடு ரசம் கொதிக்கிற தெருவில் அவன் நுழையவே முடியாது, கதை முதல் அத்தியாயத்தோடு சரி.

நமக்கு அடித்த யோகம் ஓடும் நீர். எங்கள் பக்கம் பாமணியாறு, கோரையாறு, வெண்ணாறு. வடக்கே போனால் வெட்டாறு, குடமுருட்டி, அரசலாறு. நடுவில் வாய்க்கால்கள் எத்தனை என்று எண்ணி மாளாது. வழக்கப்படி மேட்டூர் ஜூன் 12ல் திறந்து ஜனவரி 28ல் மூடும். மூடியபின் ஆறெல்லாம் மணல். மாசி, பங்குனி முழுக்க அவன் எங்கே வேண்டுமானாலும் நடப்பான். திறந்த தண்ணீர் கல்லணையில் பிரிந்து கடைமடைக்கு வரச் சில நாள் பிடிக்கும். காய்ந்த வாய்க்காலில் சருகும் நுரையும் தள்ளிக்கொண்டு முதல் தண்ணீர் வரும்போது எந்தக் கரையில் நிற்கிறானோ, அங்கேயே அடைபட்டான். 2024ல் மேட்டூர் ஜூலை 28ல்தான் திறந்தது. அப்படி ஒரு வருஷத்தைக் கதைக்கு எடுத்தால் அவனுக்குக் கூடுதலாக ஒன்றரை மாதம் வேட்டைக்காலம், விவசாயி கவலைப்படுகிற அதே நாள்களில். என் ஐந்தாம் பாகம் முழுக்க இதுதான்.

ஆனால் எல்லையைத் தெளிவாக வையுங்கள். வயலில் நிற்கிற நீர், குளம், குட்டை இவை கணக்கில் வராது. முறை வைத்துத் தண்ணீர் விடும்போது வாய்க்கால் சில நாள் ஓடும், சில நாள் காயும். அந்த அட்டவணை கையில் இருப்பவன்தான் ஊரைக் காப்பாற்ற முடியும். அதனால்தான் என் கதாநாயகியின் அப்பா லஸ்கர், மதகு ஷட்டரை ஏற்றி இறக்குகிறவர். கிரீஸ் அப்பிய திருகுக்கம்பியில் கைப்பிடியை மாட்டிச் சுற்றச் சுற்ற ஷட்டர் விரல்கடை விரல்கடையாக ஏறுகிறது. அக்கரையில் காட்டேரி பார்த்துக்கொண்டே நிற்கிறான். சிலுவை, ஈட்டி எதுவும் வேண்டியிருக்கவில்லை.

தானியம் எண்ணும் விலக்கை அறுவடைக்கு வைத்துக்கொள்ளுங்கள். கொள்முதல் நிலையத்து மூட்டை 40 கிலோ. ஆயிரம் மணி சுமார் 20 கிராம் என்று வைத்தால் ஒரு மூட்டையில் 20 லட்சம் நெல். நொடிக்கு ஒன்று எண்ணினாலும் 23 நாள். நடுவில் கோழி வந்து கொத்தினால் மறுபடி ஒன்றிலிருந்து.

அழைப்பில் சட்டப் பிரச்சினை நிறைய. திண்ணை வெளியா உள்ளா? நான் வெளி என்று வைத்தேன்; நடையில் கால் வைக்கத்தான் அனுமதி வேண்டும். ஆனால் கல்யாணப் பத்திரிகையில் ‘சுற்றமும் நட்பும் சூழ’ வரச் சொல்லி அச்சடித்துக் கொடுத்துவிட்டால்? அவன் பரம்பரையே மண்டபத்துக்குள் வந்துவிடும். எட்டாம் பாகம் அங்கேதான் நடக்கிறது.

ரத்தத்துக்குப் பிள்ளைகளின் கழுத்தை நாடாதீர்கள், படிப்பது அவர்கள்தான். ரத்ததானப் பை இருக்கவே இருக்கிறது. முகாமில் ஒருவரிடம் எடுப்பது பெரும்பாலும் 350 மில்லி. வழக்கமான பையில் முழு ரத்தம் 35 நாள் தாங்கும். 18 வயதுக்குக் கீழ் கொடுக்க முடியாது. கதாநாயகிக்கு எப்போது 18 ஆகும் என்பதே இரண்டு பாகத்துக்கான இழுபறி. இன்னொன்று, காட்டேரியம்மனுக்குப் பொங்கல் வைக்கிற குடும்பங்கள் நம் பக்கம் உண்டு. அந்தச் சாமியை இந்த ரத்தக் கதைக்குள் இழுக்காதீர்கள். அது வேறு.

புது வாசகர் நடுவில் வந்து சேர்ந்தால் முன்கதைச் சுருக்கம் எழுதாதீர்கள், சண்டை போடவிடுங்கள். “போன ஆடியில எங்க மாட்டை என்ன பண்ணினே?” என்று ஒரு கிழவி கேட்டாலே மூன்று பாகம் புரிந்துவிடும்.

வயசுதான் கடைசித் தலைவலி. அவள் வளர்கிறாள், அவன் பதினேழிலேயே நிற்கிறான். ஆதார்படி அவனுக்கு 24. ரேஷன் கடையில் சில்லிட்ட விரலை எந்திரம் ஏற்க மறுக்கிறது. அவளுக்குச் சென்னையில் காலேஜ் கிடைத்துவிட்டால் இருவரும் மன்னை எக்ஸ்பிரஸ் ஏற வேண்டும், வழியில் கொள்ளிடம். டிராகுலா தன் ஊர் மண் நிரப்பிய பெட்டிக்குள் படுத்துத்தான் கடலையே தாண்டுகிறார், ஆகவே அந்த வழி திறந்தே இருக்கிறது. பாமணியாற்றங்கரை மண்ணைக் கோணியில் நிரப்பி, அவனையும் உள்ளே வைத்துக் கட்டிப் பெர்த்துக்கு அடியில் தள்ளலாம். டிடிஆர் மூட்டையைக் காலால் தட்டிப் பார்த்து “என்னம்மா இது?” என்றால் அவள் என்ன சொல்வாள் என்பதை மட்டும் அத்தியாயம் தொடங்குமுன் முடிவு செய்துகொள்ளுங்கள்.