புரூஜ் நகரத்தைச் சரக்கு வந்த வழியிலேயே சுற்றிப் பார்ப்பது எப்படி?

பெல்ஜியம் போகிறவர்கள் பெரும்பாலும் புரூஜுக்கு ஒரு பகல் ஒதுக்குகிறார்கள். சந்தைச் சதுக்கத்தில் மணிக்கூண்டுக்கு முன்னால் நின்று படம் எடுத்து, படகில் ஒரு சுற்றுப் போய், சாக்லேட் வாங்கிக்கொண்டு சாயங்காலமே பிரஸ்ஸல்ஸ் திரும்பிவிடுவார்கள். அப்படிப் பார்த்தாலும் ஊர் அழகுதான். ஆனால் இந்தச் சின்ன ஊருக்கு இவ்வளவு பெரிய கூண்டு எதற்கு, ஒரு தெருவுக்கு ஏன் ஸ்பானியர் பெயர், வாய்க்கால் ஏன் திடீரென்று ஒரு சதுக்கத்தில் முடிகிறது என்பதெல்லாம் பிடிபடாது. 13ஆம் நூற்றாண்டின் கடைசியிலிருந்து 15ஆம் நூற்றாண்டு வரை வட ஐரோப்பாவின் முக்கியமான சந்தை இது. இங்கிலாந்துக் கம்பளி, போர்தோ ஒயின், பால்டிக் பக்கத்து மெழுகும் மென்மயிர்த் தோலும், ஜெனோவாக்காரர்கள் கொண்டுவந்த படிகாரம், அலெக்சாண்டிரியாவும் வெனிஸும் கைமாற்றி அனுப்பிய மலபார் மிளகு எல்லாம் இங்கே வந்து இறங்கின. ஆகவே அந்தச் சரக்கு வந்த வழியிலேயே நீங்களும் ஊருக்குள் வாருங்கள். கடலிலிருந்து வாய்க்கால், வாய்க்காலிலிருந்து சுங்கம், சுங்கத்திலிருந்து சந்தை, இதுதான் வரிசை.

முதல் காரியம், ஓர் இரவாவது தங்குங்கள். பகல்நேரக் கூட்டம் காலை பத்து மணிக்கு மேல்தான் வந்து குவியும், அதற்கு முன்பும் சாயங்காலத்துக்குப் பிறகும் தெருக்கள் உங்களுக்கே. திங்கட்கிழமையைத் தவிர்த்துவிடுங்கள், பெரும்பாலான அருங்காட்சியகங்களுக்கு அன்று விடுமுறை. கல் பாவிய தெருக்கள் என்பதால் நல்ல செருப்போ ஷூவோ அவசியம்.

தொடக்கம் புரூஜ் அல்ல, பக்கத்திலுள்ள டாமே என்ற சிற்றூர். வாடகைச் சைக்கிள் எடுத்துக்கொண்டால் வாய்க்கால் கரையோரமாகவே போய்விடலாம், ஆறேழு கிலோமீட்டர்தான், முழுக்கச் சமதளம். 1134இல் வந்த ஒரு பெரும் புயல் கரையை உடைத்து ஸ்விண் என்ற கழிமுகத்தைத் திறந்துவிட்டது, கடல் ஊருக்குக் கிட்டே வந்தது. அந்த நீர்வழியின் முனையில், 1180ஐ ஒட்டி, உருவான துறைமுகம்தான் டாமே. பெரிய கப்பல்கள் அங்கே நின்றுவிட, சரக்கு, சிறு படகுகளுக்கு மாறிப் புரூஜுக்குப் போனது. மணல் சேரச் சேரக் கப்பல் நிற்கும் இடமும் கடல் பக்கமாக ஸ்லூயிஸ் என்ற ஊருக்கு நகர்ந்துகொண்டே போனது. ஒன்றைத் தெரிந்துகொள்ளுங்கள்: நீங்கள் சைக்கிளில் போகும் அந்த நேரான, இருபக்கமும் மரம் நிற்கும் வாய்க்கால் இடைக்காலத்தது அல்ல, நெப்போலியன் ஆணையிட்டு 19ஆம் நூற்றாண்டில் வெட்டியது.

டாமேயில் மாதா கோவிலை மட்டுமாவது நிதானமாகப் பாருங்கள். ஒரு பக்கம் கனமான செங்கல் கோபுரம், இன்னொரு பக்கம் இன்றும் வழிபாடு நடக்கும் பகுதி, நடுவில் கூரையே இல்லாமல் வெறும் சுவர்கள். துறைமுகம் செத்த பிறகு அவ்வளவு பெரிய கோவிலைப் பராமரிக்க ஊரில் ஆளும் இல்லை, பணமும் இல்லை, 1725இல் நடுப்பகுதியை இடித்துவிட்டார்கள். ஒரு துறைமுகம் சுருங்கிப்போனதை இவ்வளவு தெளிவாகக் காட்டும் கட்டடம் அந்தப் பக்கத்தில் வேறு இல்லை என்பது என் அபிப்பிராயம்.

புரூஜுக்குத் திரும்பியதும் நேராக யான் வான் ஐக் சதுக்கத்துக்குப் போங்கள். வாய்க்கால் இன்று இங்கே முடிகிறது. அந்தக் காலத்தில் முடியவில்லை, ஊருக்குள் இன்னும் போனது, பிற்பாடுதான் மூடினார்கள். வலப்பக்கம் இடப்பக்கம் என்று தேட வேண்டாம், 1477ஆம் வருட முகப்போடு பெரிதாக நிற்பது பழைய சுங்கச்சாவடி. எல்லாரும் அதைப் படம் எடுத்துவிட்டு நகர்ந்துவிடுகிறார்கள். நீங்கள் அதை ஒட்டி இருக்கும் மிகக் குறுகலான வீட்டைப் பாருங்கள். படகிலிருந்து மூட்டை இறக்கிய சுமைதூக்குபவர்களின் சங்க வீடு அது. அதன் தூண்களைக் கிட்டே போய்ப் பாருங்கள், முதுகில் பாரத்தோடு குனிந்திருக்கும் சிறு கல் உருவங்கள் தெரியும். பிரபுக்களையும் புனிதர்களையும் செதுக்கிய காலத்தில் மூட்டை தூக்கியவர்கள் தங்களையே செதுக்கி வைத்திருக்கிறார்கள். எனக்கு அந்த ஊரிலேயே பிடித்த சிற்பம் அதுதான்.

அங்கிருந்து தெருப் பெயர்களை வாசித்துக்கொண்டே நடங்கள். ஸ்பானியர் தெரு, ஆங்கிலேயர் தெரு, பிஸ்கேயர் சதுக்கம், ஹான்சா என்ற வணிகக் கூட்டமைப்பைச் சேர்ந்த ஜெர்மானியர்களுக்கு ஊஸ்டர்லிங்கன் சதுக்கம், எல்லாம் சில நிமிட நடையில். எந்த நாட்டுக்காரன் எங்கே தங்கிச் சரக்கை அடுக்கினான் என்பதற்குத் தனி வரைபடம் தேவையில்லை. ஹெந்த்ஹோஃப் தெருவில் 7ஆம் எண் வீட்டின் முகப்பு மரம். ஒரு காலத்தில் ஊர் முழுக்க இப்படித்தான் இருந்தது, தீப்பயத்தால் மர முகப்புகளுக்குப் பிறகு தடை வந்தது, மிஞ்சியவை ஒன்றிரண்டுதான்.

ஃபிளாமிங் தெருவில் தெர் பூர்சே வீட்டையும் அதன் பக்கத்தில் 1399ஆம் வருட ஜெனோவா வணிகர் மாளிகையையும் பாருங்கள் (மாளிகைக்குள் இப்போது உருளைக்கிழங்கு வறுவலுக்கான அருங்காட்சியகம் இருக்கிறது). தெர் பூர்சே ஒரு விடுதி. ஆனால் விடுதிக்காரர் வெறும் அறை கொடுப்பவர் அல்ல, சரக்கை வைக்கக் கிடங்கு தருவார், தரகு பார்ப்பார், விருந்தாளியின் கடனுக்கு ஜாமீன் நிற்பார். வெளியூர் வணிகர்கள் தரகர் இல்லாமல் தங்களுக்குள் வியாபாரம் பேசக் கூடாது என்று விதி. இத்தாலிய வணிகர் மாளிகைகள் சுற்றிலும் இருந்ததால் இந்த வீட்டின் வாசலே சந்தையானது, கையில் காசு மாறாமல் கணக்கும் உண்டியலும் (பணம் தரச் சொல்லி எழுதும் சீட்டு) மாறின.

அப்புறம் கிரேன் சதுக்கம். ஒயின் பீப்பாய்களைத் தூக்கிய பெரிய மரக் கிரேன் நின்ற இடம். ஆட்கள் சக்கரத்துக்குள் நடந்து நடந்துதான் அது பாரம் தூக்கியது. இப்போது அங்கே கிரேன் இல்லை, ஏமாந்து போகாதீர்கள், அதைப் பார்க்க வழி இருக்கிறது. புனித யோவான் மருத்துவமனையில் ஹான்ஸ் மெம்லிங் 1479இல் முடித்த பலிபீட ஓவியம் இருக்கிறது. நடுப்பலகையில் புனிதர்களுக்குப் பின்னால், தூண்களுக்கு நடுவே, சின்னதாக அந்தக் கிரேனும் பீப்பாய்களும் தெரியும். ஒயின் பீப்பாய்களை அளக்கும் உரிமை அந்த மருத்துவமனைக்கு இருந்தது, வருமானம் வந்த இடத்தை ஓவியத்திலும் விடாமல் வைத்துக்கொண்டார்கள். மாதாவைப் பார்த்துவிட்டு நகர்ந்துவிடாமல் பின்னணியில் நேரம் செலவிடுங்கள்.

இப்போது சந்தைச் சதுக்கம். கிழக்குப் பக்கம் நிற்கும் கோதிக் பாணி மாளிகையைப் பழையது என்று நம்பிவிட வேண்டாம், அது 19ஆம் நூற்றாண்டின் கடைசியில் கட்டத் தொடங்கியது. அந்த இடத்தில்தான் தண்ணீர் மண்டபம் இருந்தது. படகுகள் கட்டடத்துக்கு அடியிலேயே நுழைந்து, மழையில் நனையாமல் சரக்கு இறக்கின. 1787இல் இடித்துவிட்டார்கள். மணிக்கூண்டு 83 மீட்டர், 366 படி, காலையில் முதல் ஆளாக ஏறுங்கள். உச்சிக்கு அவசரப்படாமல் வழியில் இருக்கும் கருவூல அறையில் நில்லுங்கள். 1280 தீ விபத்தில் ஊரின் உரிமை ஆவணங்கள் எரிந்துபோயின. அதற்குப் பிறகு ஆவணங்களை இரும்புக் கம்பிக் கதவுகளுக்குப் பின்னால், பல பூட்டுகள் போட்டு, சாவிகளை வெவ்வேறு ஆட்களிடம் கொடுத்து வைத்தார்கள்.

கூண்டுக்குக் கீழே இருப்பது சந்தை மண்டபம். இங்கே நின்று, புரூஜ் இருக்கும் ஃபிளாண்டர்ஸ் பகுதியின் துணியை நினைத்துப் பாருங்கள். கம்பளியைக் கழுவி, சிக்கெடுத்து, பெண்கள் நூற்று, அகலத் தறியில் இரண்டு பேர் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்து நெய்தார்கள். பிறகு தொட்டியில் போட்டுக் களிமண்ணும் சிறுநீரும் கலந்த தண்ணீரில் காலால் மணிக்கணக்கில் மிதித்தார்கள், அப்போதுதான் இழை இறுகும். சட்டத்தில் இழுத்துக் கட்டி, மயிரை எழுப்பி, பெரிய கத்தரியால் சீராக வெட்டினார்கள். நீலத்துக்கு நம் அவுரி அல்ல, வோட் என்ற செடியின் இலை. சிவப்புக்கு மஞ்சிட்டி இனத்து வேர், பெரும் பணக்காரர்களுக்கு மட்டும் பூச்சியிலிருந்து எடுத்த செஞ்சாயம். கடைசியில் சோதித்து ஈய முத்திரை குத்தினால்தான் துணி விற்பனைக்கு வரும். சதுக்கத்தின் நடுவில் சிலையாக நிற்கும் இருவரில் பீட்டர் தெ கோனிங்க் ஒரு நெசவாளி. 1302 மே மாதம் பிரெஞ்சுக்காரர்களுக்கு எதிராக ஊர் எழுந்தபோது முன்னால் நின்றவர். அதே வருடம் ஜூலை 11இல் கோர்த்ரெய்க் என்ற ஊரில் பிரெஞ்சுக் குதிரைப்படையைக் காலாட்படை தோற்கடித்தது, அதன் பிறகு கைத்தொழில் சங்கங்கள் ஊராட்சிக்குள் நுழைந்தன.

அதே சதுக்கத்தில் கிரானன்பர்க் என்ற காபிக்கடை இருக்கிறது. அந்த இடத்து வீட்டில்தான் 1488இல் ஊர்க்காரர்கள், ஃபிளாண்டர்ஸை ஆண்டுகொண்டிருந்த ஹாப்ஸ்பர்க் வம்சத்து மாக்ஸிமிலியனை அடைத்து வைத்தார்கள். வெளியே வந்தவர் வெளிநாட்டு வணிகர்களை ஆன்ட்வெர்ப் பக்கம் திருப்பினார். ஸ்விண் தூர்ந்துகொண்டிருந்த நேரம் அது, இரண்டும் சேர்ந்து புரூஜின் வியாபாரத்தை முடித்தன.

மிச்ச நேரம் இருந்தால் 1245இல் தொடங்கிய பெகின்ஹோஃபுக்குப் போங்கள். நிரந்தரத் துறவு வாக்குக் கொடுக்காமல், சொந்த உழைப்பில் சேர்ந்து வாழ்ந்த பெண்களின் குடியிருப்பு. வேண்டுமானால் வெளியேறித் திருமணமும் செய்துகொள்ளலாம். உள்ளே இப்போது கன்னியர் வசிக்கிறார்கள், சத்தம் போடாமல் நடங்கள்.

மறுநாள் கையில் இருந்தால் பக்கத்து நகரமான கெண்ட்டுக்கு ரயில் பிடியுங்கள், அரை மணி நேரப் பயணம். ஹ்ராஸ்லெய் கரையில் தானியக் கிடங்கைத் தேடிப் பாருங்கள். அந்த வழியாகப் போன தானியப் படகுகள் சரக்கில் கால் பங்கை அங்கே இறக்கியாக வேண்டும். அதைப் பார்த்த பிறகு பாவோ கதீட்ரலில் வான் ஐக் சகோதரர்களின் 1432ஆம் வருடப் பலிபீட ஓவியம். அதற்கு நேரச்சீட்டை முன்கூட்டியே எடுத்துவிடுங்கள்.