முஸ்தபா ஆட்டத்தை உலாவியில் விளையாடுவது எப்படி? ஆல்ட் விசையை முதலில் மாற்றுங்கள்

தொண்ணூறுகளில் வேலூர் லாங் பஜாரை ஒட்டிய சந்து ஒன்றில் வீடியோ கேம் கடை இருந்தது. பள்ளி விட்டதும் நேராக அங்கேதான் போவோம். "அண்ணா, முஸ்தபா காலியா?" என்று கேட்டால் மூலையில் இருக்கும் பெட்டியைக் கைகாட்டுவார். அந்த ஆட்டத்தின் உண்மையான பெயர் கேடிலாக்ஸ் அண்ட் டைனோசர்ஸ் என்பதும், ஜப்பானின் காப்காம் நிறுவனம் 1993இல் அதை வெளியிட்டது என்பதும் எனக்கு வெகுநாள் கழித்தே தெரிந்தது. நான்கு வீரர்களில் ஒருவன்தான் மஞ்சள் தொப்பி முஸ்தபா. ஓடிவந்து அவன் விடும் உதைக்காகவே ஊர் முழுக்க ஆட்டத்துக்கு அவன் பெயர் நிலைத்துவிட்டது.

வீட்டு கன்சோல்களுக்கு இந்த ஆட்டம் வரவே இல்லை. அதனால்தான் கோடை விடுமுறைக்குச் சத்துவாச்சாரி வந்திருந்த அண்ணன் மகன், "சித்தப்பா, நீங்கள் சொல்லும் அந்த ஆட்டத்தைக் காட்டுங்கள்" என்றபோது உலாவியைத் திறந்தேன். இரண்டு மாலைகள் போராடிக் கற்றுக்கொண்டதை இங்கே எழுதுகிறேன்.

எங்கே விளையாடுவது

இன்டர்நெட் ஆர்க்கைவ் தளத்துக்குச் செல்லுங்கள். பழைய ஆர்கேட் ஆட்டங்களுக்கென்றே 2014இல் அவர்கள் தொடங்கிய இன்டர்நெட் ஆர்கேட் என்ற தொகுப்பு அங்கே இருக்கிறது. தேடல் பெட்டியில் ஆட்டத்தின் பெயரை ஆங்கிலத்தில் இடுங்கள். வேறு ஆட்டத்தைத் தேர்ந்தெடுத்தாலும் கீழே சொல்லும் விசைகள் பெரும்பாலும் பொருந்தும். பழைய ஆர்கேட் இயந்திரங்களைக் கணினிக்குள் அப்படியே இயங்க வைக்கும் மேம் என்ற மென்பொருள்தான் அங்கே உலாவிக்குள் ஓடுகிறது. நீங்கள் எதையும் நிறுவ வேண்டாம். "இலவசப் பதிவிறக்கம்" என்று பெரிய பொத்தான் காட்டி ஏதாவது ஒரு கோப்பை நிறுவச் சொல்லும் தளங்களை நெருங்கவே நெருங்காதீர்கள்.

உலாவியில் என் தேர்வு குரோம். அன்றாட வேலைக்கு நான் பயர்பாக்ஸ்தான் பயன்படுத்துகிறேன். ஆனால் விண்டோஸில் ஆல்ட் விசையைத் தொட்டாலே அது மெனு பட்டையை மேலே கொண்டுவருகிறது. சண்டைக்கு நடுவில் அது பெரிய தொல்லை.

காசு போடுவது

படத்தின் மேல் இருக்கும் தொடக்கப் பொத்தானைச் சொடுக்கிக் காத்திருங்கள். ஆட்டம் திரையில் வந்ததும் படத்தின் மேல் இன்னொரு முறை சொடுக்குங்கள். இதைச் செய்யாவிட்டால் அம்பு விசைகள் ஆட்டத்துக்குப் போகாமல் பக்கத்தை மேலும் கீழும் நகர்த்திக்கொண்டிருக்கும்.

எண் 5ஐ அழுத்தினால் காசு விழும். எண் 1ஐ அழுத்தினால் ஆட்டம் தொடங்கும். அண்ணன் மகன் எண்டர் விசையைப் பத்து முறை அழுத்திவிட்டு ஓடவில்லை என்று சொன்னான். காசு போட்டு விளையாடும் பெட்டியை அவன் பார்த்ததே இல்லை. அம்பு விசைகள் நகர, கன்ட்ரோல் அடிக்க, ஆல்ட் குதிக்க. இரண்டையும் சேர்த்து அழுத்தினால் சுற்றியிருப்பவர்களை எல்லாம் வீழ்த்தும் சிறப்பு அடி. அது பட்டால் நம் உயிர்க்கோடும் கொஞ்சம் குறையும்.

ஆல்ட் விசை: இங்கேதான் நான் மாட்டினேன்

முதல் கட்டத்தின் பெரிய எதிரியிடம் வந்துவிட்டேன். அவன் வலப்பக்கமிருந்து பாய்ந்தான். தப்பிக்க இடப்பக்கம் குதித்தேன். ஆட்டமே காணாமல் போய்த் தேடல் பக்கம் வந்து நின்றது. மறுபடி முன்பக்கம் போனால் ஆட்டம் முதலிலிருந்து இறங்கத் தொடங்கியது. இணையம் அறுந்துவிட்டது என்று நினைத்து மோடத்தைக்கூட அணைத்துப் போட்டேன். மூன்றாவது முறைதான் காரணம் பிடிபட்டது. ஆல்ட் விசையையும் இட அம்பையும் சேர்த்து அழுத்தினால் முந்தைய பக்கத்துக்குப் போ என்பது உலாவியின் குறுக்குவழி. இடப்பக்கம் குதிக்கவும் அதே இரண்டு விசைகள்தான்.

தீர்வு இதுதான். ஆட்டம் ஓடும்போது டேப் விசையை அழுத்துங்கள். மேம் மென்பொருளின் பட்டியல் திறக்கும். அதில் இன்புட் என்ற சொல் வரும் வரிகளில், இந்த இயந்திரத்துக்கு மட்டும் என்று பொருள் தரும் வரியைத் தேர்ந்தெடுங்கள். முதல் ஆட்டக்காரரின் முதல் பொத்தான் வரிக்கு அம்பு விசையால் போய் எண்டர் அழுத்துங்கள். பிறகு இஸட் விசையை ஒரே ஒரு முறை தொட்டுவிட்டுக் கையை எடுத்துவிடுங்கள். ஒரு நொடி பொறுத்தால் வரியில் அந்த விசையின் பெயர் வந்து நிற்கும். அவசரப்பட்டு உடனே இன்னொரு விசையைத் தொட்டால், இரண்டையும் சேர்த்து அழுத்தினால்தான் அடி விழும் என்று அது பதிந்துகொள்ளும். நான் அப்படித்தான் அரை மணி நேரம் இழந்தேன். அதேபோல் இரண்டாவது பொத்தானுக்கு எக்ஸ் விசையைக் கொடுங்கள். மீண்டும் டேப் அழுத்தினால் ஆட்டத்துக்குத் திரும்பிவிடலாம்.

வலது கையில் அம்பு, இடது கையில் இஸட், எக்ஸ். கடையில் இடக்கையில் கைப்பிடியும் வலக்கையில் பொத்தானும் இருந்தன. பழக ஒரு நாள் ஆகும்.

இருவர் விளையாட

பெட்டியில் மூன்று பேர் வரை ஒன்றாக விளையாடலாம். விசைப்பலகையில் இரண்டு பேர் போதும். இரண்டாமவருக்குக் காசு 6, தொடக்கம் 2. மேலே ஆர், கீழே எஃப், இடம் டி, வலம் ஜி. அடிக்க ஏ, குதிக்க எஸ். முதல் ஆட்டக்காரரின் ஆல்ட் விசையை மாற்றாமல் இதில் இறங்காதீர்கள். ஆல்ட்டுடன் டி சேர்ந்தால் குரோம் முகவரிப் பட்டைக்குத் தாவிவிடும். மலிவான விசைப்பலகைகள் ஒரே நேரத்தில் பல விசைகளை அழுத்தும்போது சிலவற்றை விழுங்கிவிடுகின்றன. ஒருவருக்காவது யுஎஸ்பி கேம்பேட் வாங்கிக்கொடுப்பது நல்லது. அதைச் செருகியபின் ஏதாவது ஒரு பொத்தானை அழுத்தினால்தான் உலாவி அதை அறியும்.

பின்னர் சேர்த்தது: ஆம்பூரிலிருந்து ஒரு வாசகர், சிறப்பு அடி அடித்ததும் மடிக்கணினித் திரையே தலைகீழாகிவிட்டது என்று எழுதியிருந்தார். சில பழைய இன்டெல் கணினிகளில் கன்ட்ரோல், ஆல்ட், அம்பு மூன்றும் சேர்ந்தால் திரை திரும்பும். கன்ட்ரோல், ஆல்ட், மேல் அம்பு அழுத்தினால் நிமிர்ந்துவிடும். மேலே சொன்னபடி விசைகளை மாற்றியபின் தனக்கு அது மறுபடி வரவில்லை என்று அவரே எழுதினார்.

இன்னொன்று: ஆறு பொத்தான் ஆட்டங்களில் இடது ஷிப்ட் விசையும் சேரும். ஐந்து முறை தொடர்ந்து ஷிப்ட் அழுத்தினால் விண்டோஸ் ஸ்டிக்கி கீஸ் பெட்டியை நீட்டும். அமைப்புகளில் போய் அந்தக் குறுக்குவழியை அணைத்துவிடுங்கள். தமிழ் விசைப்பலகை நிறுவியிருப்பவர்களுக்கு ஆல்ட்டும் ஷிப்டும் சேர்ந்தால் மொழி மாறிவிடலாம். அங்கேயும் முதலில் மாற்ற வேண்டியது ஆல்ட்தான்.

அண்ணன் மகன் இப்போது மூன்றாம் கட்டத்தில் நிற்கிறான். மொத்தம் எட்டு. இந்த ஞாயிற்றுக்கிழமை இரண்டாவது கேம்பேடுடன் வருகிறேன் என்று சொல்லியிருக்கிறேன்.