காற்றுக்குளிர்வு எஞ்சினில் கம்ப்ரஷன் கசிவு: ஹெட்டைக் கழற்றும் முன் நேரும் தவறுகள்

மலேசியாவில் சுங்கை சிப்புட் வட்டாரத் தோட்டங்களில் இன்னமும் சில வீட்டுக் கொட்டகைகளில் பழைய வோக்ஸ்வேகன் பீட்டல் நிற்கிறது. மலாய் நண்பர்கள் ‘கூரா’ என்று அழைக்கும் ஆமை வண்டிதான். அதன் இழுவை குறைந்து ஒரு சிலிண்டர் சோர்ந்துபோனால், தண்ணீரில் குளிரும் கார்களிலேயே கை பழகிய போமன் (மெக்கானிக்) உடனே எஞ்சினை இறக்கச் சொல்கிறார். சிலிண்டரின் அழுத்தம், அதாவது கம்ப்ரஷன், எந்த வழியாக வெளியேறுகிறது என்று அறியாமல் இறக்குவதுதான் முதல் தவறு. மற்றவற்றில் பாதி இதிலிருந்தே பிறக்கின்றன.

டேப்பட் இடைவெளியை, அதாவது வால்வுத் தண்டுக்கும் அதை அழுத்தும் ராக்கருக்கும் நடுவிலுள்ள சந்தை, பார்க்காமலேயே வால்வு எரிந்துவிட்டது என முடிவு கட்டுவது அடுத்தது. 1600 எஞ்சினுக்கு இந்த இடைவெளி 0.15 மில்லிமீட்டர், இரவு முழுவதும் ஆறிய எஞ்சினில்தான் அதை அளக்க வேண்டும். இடைவெளி அற்றுப்போன எக்ஸாஸ்ட் வால்வு முழுமையாக மூடாது என்பதால், கம்ப்ரஷனை அளக்கும் மானியில் அது எரிந்த வால்வைப் போலவே தெரியும். நானே ஒருமுறை சிலிண்டர்களை மூடும் ஹெட்டைக் கழற்றி, வால்வில் ஒரு குறையும் இல்லை என்று கண்ட பிறகுதான் டேப்பட்டை நினைத்தேன். ஆனால் சரிசெய்த வால்வே சில நூறு கிலோமீட்டருக்குள் மறுபடியும் இறுகினால், அதைத் திரும்பத் திரும்பத் தளர்த்திவிட்டு ஓட்டுவது பெரிய ஆபத்து. வால்வின் இருக்கை உள்வாங்குகிறது, அல்லது தண்டு நீள்கிறது என்று பொருள். நீண்ட தண்டு ஒருநாள் அறுந்தால் வால்வின் தலை பிஸ்டனைத் துளைத்துவிடும். ஆகவே ஒவ்வொரு முறையும் எந்த வால்வு எவ்வளவு இறுகியிருந்தது என்று ஒரு தாளில் குறித்து வையுங்கள்.

காலையில் டேப்பட்டை முடித்து, கோலகங்சார் சாலையில் கால் மணி நேரம் ஓட்டிவந்த பின் மானியைப் பொருத்தலாம். கொதிக்கும் எஞ்சினில் பிளக்கைக் கழற்றினால் அலுமினிய ஹெட்டின் மரை பிளக்கோடு வந்துவிடும்; சூடு சற்றுத் தணியட்டும். நான்கு பிளக்குகளையும் கழற்றி, இக்னிஷன் காயிலின் இணைப்பை விலக்கி, ஆக்சிலேட்டரை முழுவதும் மிதித்தபடி, ஸ்டார்ட்டரால் எல்லாச் சிலிண்டருக்கும் ஒரே அளவு சுற்ற வேண்டும். நல்ல நிலையிலுள்ள எஞ்சின் ஏறத்தாழ 100 முதல் 130 பி.எஸ்.ஐ. காட்டும். நான்கும் ஒரேயடியாகக் குறைந்தால் எஞ்சினைவிட பேட்டரியையும் மானியையும் முதலில் சந்தேகிப்பது நல்லது. சிலிண்டர் எண்களிலும் பலர் தடுமாறுகிறார்கள்: பின்னால் நின்று பார்த்தாலும் கணக்கு வண்டியின் முகத்தை வைத்தே. வலப்புறம், அதாவது நம் நாட்டு வண்டிகளில் ஓட்டுநர் பக்கம், முன்னால் 1, பின்னால் 2. இடப்புறம் முன்னால் 3, பின்னால் 4.

குறைந்த சிலிண்டருக்குள் சிறிது எண்ணெய் ஊற்றி, அழுத்தம் ஏறினால் பிஸ்டன் ரிங் தேய்ந்துள்ளது என்று சொல்லும் பழைய சோதனையை இங்கே நம்பக் கூடாது. படுத்த நிலையிலுள்ள சிலிண்டரில் எண்ணெய் அடிப்பக்கம் தேங்குமேயன்றி ரிங்கைச் சுற்றிப் பரவாது.

நம்பத் தக்கது காற்றுச் சோதனை. பிஸ்டன் அமுக்கல் கட்டத்தின் உச்சியில், இரு வால்வுகளும் மூடியிருக்கும்போது, பிளக் துளை வழியே கம்ப்ரசர் காற்றைச் செலுத்திக் காதைத் தீட்டிக் கேட்க வேண்டும். கார்புரேட்டரில் சீறினால் இன்டேக் வால்வு. புகைக்குழாயில் சீறினால் எக்ஸாஸ்ட் வால்வு. எண்ணெய் ஊற்றும் வாயில் பலமாக வந்தால் ரிங். அங்கே மெல்லிய மூச்சுப்போல் வருவது இயல்பே, அதைக் கேட்டுப் பதற வேண்டியதில்லை. பிஸ்டன் உச்சியிலிருந்து சற்று விலகியிருந்தாலும் காற்று கிராங்கைச் சட்டென்று சுழற்றிவிடும் என்பதால், புல்லி நட்டில் ஸ்பேனரை மாட்டியபடி விட்டுவிடக் கூடாது. கை உடைந்தவர்கள் உண்டு.

சிலிண்டர் துடுப்புகளுக்கு நடுவே சீறல் கேட்டு, கரிய கோடும் தெரிந்தால், சிலிண்டர் விளிம்பு ஹெட்டில் அமரும் இடம் கசிகிறது. உடனே ஹெட்டைப் பிடித்திருக்கும் ஸ்டட் நட்டுகளைக் கூடுதலாக முறுக்கத் தோன்றும். 10 மில்லிமீட்டர் ஸ்டட்டுக்கு 23 அடி-பவுண்டும், பிற்கால 8 மில்லிமீட்டருக்கு 18 அடி-பவுண்டுமே அளவு. மீறினால் மெக்னீசியத்தாலான எஞ்சின் கேஸிலிருந்து ஸ்டட் பிடுங்கிக்கொண்டு வரும். சிறு கசிவு கேஸ் வேலையாக முடியும்.

3ஆம் சிலிண்டரின் எக்ஸாஸ்ட் வால்வுதான் எரிந்தது என்றால், வால்வை மட்டும் மாற்றிவிட்டு மூடாதீர்கள். 1971ஆம் ஆண்டு மாடலுக்கு முற்பட்ட எஞ்சின்களில் ஆயில் கூலர் விசிறிக் கூட்டுக்குள்ளேயே நின்று, அந்தச் சிலிண்டருக்குப் போகும் காற்றை மறிக்கிறது. கூலரின் இடுக்குகளில் செம்மண் தூசியும் செம்பனை நாரும் அடைந்துகொண்டால், அல்லது நெடுநாள் நின்ற வண்டியில் எலி கூடு கட்டியிருந்தால், புது வால்வும் அதே சூட்டில்தான் வேகும். ஆகவே கூட்டைக் கழற்றிச் சுத்தம் செய்த பின், பிளக் கம்பிகளின் ரப்பர் மூடிகளும் எஞ்சினைச் சுற்றியுள்ள தகரங்களும் காற்று கசியாமல் பொருந்துகின்றனவா என்று பார்த்து மூடுங்கள்.