எக்ஸ்பிரஸ் என்ட்ரி: வேலை ஆஃபர் புள்ளிகள் போன பிறகு என்ன செய்வது?

கனடாவில் நிரந்தரமாகக் குடியேற விண்ணப்பிக்கும் எக்ஸ்பிரஸ் என்ட்ரி முறையில், வேலை ஆஃபருக்குக் கிடைத்த 50 அல்லது 200 சிஆர்எஸ் (தரவரிசை) புள்ளிகள் 2025 மார்ச் 25 முதல் இல்லை. பழைய மதிப்பெண்ணை நம்பாமல், கணக்கில் நுழைந்து புதியதைப் பாருங்கள்.

அதற்காக ஆஃபர் விவரத்தை அழித்துவிடாதீர்கள். பலர் சறுக்குவது இங்கேதான். எக்ஸ்பிரஸ் என்ட்ரியில் உள்ள திட்டங்களில் ஒன்றான ஃபெடரல் ஸ்கில்டு வொர்க்கருக்குத் தகுதி பெற 67 புள்ளி எடுக்க வேண்டிய கணக்கில் அதற்கு இன்னும் 10 உண்டு. அது வேறு கணக்கு.

இழந்ததை ஈடுகட்ட மொழித் தேர்வுதான் முதல் வழி. ஐஇஎல்டிஎஸ் ஜெனரலில் கேட்டலில் 8, மற்ற மூன்றிலும் தலா 7 எடுத்தால் சிஎல்பி (கனடாவின் மொழித்திறன் அளவுகோல்) 9. ஒரு பிரிவில் அரைப் புள்ளி குறைந்தாலும், படிப்பு, அனுபவத்தோடு சேர்ந்து வரும் கூடுதல் புள்ளிகள் பாதியாகிவிடும். பிரெஞ்சில் நான்கு திறனிலும் 7ஆம் நிலை, ஆங்கிலத்தில் சிஎல்பி 5 இருந்தால் 50 கூடுதல். ஒரு மாகாணம் உங்களைத் தேர்ந்தெடுக்கும் மாகாண நியமனத்துக்கு 600. ஆனால் அந்த மாகாணத்தில் வாழும் எண்ணம் உண்மையாக இருக்க வேண்டும்.

முப்பதைத் தொட்டதும் வயதுப் புள்ளி ஆண்டுதோறும் கரையும். தேர்வைத் தள்ளிப்போடாதீர்கள். அழைப்பு வந்தால் விண்ணப்பிக்க 60 நாள்தான். காவல்துறைச் சான்றிதழ், அனுபவக் கடிதங்களை முன்பே திரட்டத் தொடங்குங்கள்.